சவரக் கத்தி நம் கைக்கு வந்த கதை

1896-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு 21 வயது ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில்தான் அவர். இன்று பெங்களூர் கிளப் என்று வழங்கும் கிளப்பில் அவர் வைத்துவிட்டுப் போன 13 ரூபாய் பாக்கி பெங்களூர்வாசிகள் பலருக்கும் தெரிந்த கதை. அவ்வளவாகத் தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு. 1930-ல் வெளியான தம் இளமைக்கால நினைவு நூலில் அதை அவரே எழுதியிருக்கிறார். தினமும் பொழுது விடிவதற்கு முன் நாவிதர் வந்து, படுக்கையில் கிடப்பவரின் மோவாயைத் தூக்கிப் பிடித்து, நுரை பூசிய கழுத்தில் பளபளக்கும் கத்தியை வைத்து மழித்துவிட்டுப் போவாராம். துரை கண் விழிப்பதே அந்தக் கை பட்டுத்தான்!

சாம்ராஜ்யத்தை ஆண்டவர்களும் தினமும் காலையில் தங்கள் கழுத்தை இன்னொருவர் கையில் ஒப்படைத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. நம் அக்ரஹாரங்களிலும் அதே நிலைதான். அந்தக் கத்தி எப்படி நம் கைக்கு வந்தது, வந்ததால் என்ன மாறியது, இன்று குறைந்த விலையில் நன்றாக மழிக்கும் ஒரு ஸேஃப்டி ரேசரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று சற்றுப் பார்ப்போம்.

வாசல் திண்ணையும் கொல்லைப்புறமும்

க்ஷவரம் என்பது நம் வீடுகளில் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. அதற்கு நாள், கிழமை, திதி எல்லாம் உண்டு. செவ்வாய், வெள்ளி, சனி கூடாது. அமாவாசை, பௌர்ணமி, ஏகாதசி, ஜன்ம நக்ஷத்திரம், மாதப் பிறப்பு கூடாது. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கூடாது. பண்ணிக்கொண்டால் உடனே ஸ்நானம். அதுவரை எதையும் தொடக் கூடாது. ஆகவே திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோதான் அது நடக்கும். நாவிதர் வீட்டுக்குள் வரமாட்டார், வரவிடமாட்டார்கள். கிராமங்களில் அவருக்குக் கூலி பணமாகக் கிடைப்பது அபூர்வம். அறுவடைக்கு அறுவடை நெல்லாக அளந்து போடுவார்கள்.

ஒன்றை இங்கே யோசிக்க வேண்டும். நம் தலையையும் முகத்தையும் தொட்டு, உயிர்நிலையான கழுத்தில் கத்தி வைக்கும் அளவுக்கு நம்பிக்கைக்குரியவர் அவர். பல ஊர்களில் அவர் குடும்பத்தினரே கட்டி, ரணம் இவற்றுக்கு வைத்தியமும் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் அந்த சமூகத்தினர் தங்களை மருத்துவர் என்று சொல்லிக்கொள்வதற்கு இதுதான் காரணம். ஆனாலும் அவரைத் தொட்டால் குளியல் என்பதே வழக்கமாக இருந்தது. இதைச் சொல்லாமல் சவரத்தின் சரித்திரத்தை எழுதினால் அது பாதிச் சரித்திரமாகத்தான் இருக்கும்.

அதே கத்தி இன்னொரு கொடுமைக்கும் கருவியாயிற்று. கணவனை இழந்த பெண்களின், ஒன்பது பத்து வயதுக் குழந்தைகளாக இருந்தாலும்கூட, தலையை மழிக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இருந்தது. பாட்டிமார்களின் முக்காட்டுக்குள் இருந்தது என்ன என்று நம்மில் மூத்தவர்களுக்குத் தெரியும். 1890-ல் பம்பாயில் நூற்றுக்கணக்கான நாவிதர்கள் கூடி, இனி விதவைகளின் தலையை மழிப்பதில்லை என்று தீர்மானம் செய்தார்கள். சாஸ்திரம் படித்த பல பெரியவர்களுக்கு வராத தைரியம் கத்தி பிடித்தவர்களுக்கு வந்தது. நம்மவர்களிலும் துணிந்தவர்கள் இருந்தார்கள். 1886-ல் பிறந்து, பாலியத்திலேயே விதவையான ஆர்.எஸ். சுப்புலக்ஷ்மியின் தலைமுடியை எடுக்கப் பெற்றோர் சம்மதிக்கவில்லை, படிக்க வைத்தார்கள். 1911-ல் அவர் சென்னையில் பட்டம் பெற்றார். 1912-ல் இளம் விதவைகள் தங்கிப் படிக்க சாரதா இல்லத்தைத் தொடங்கினார். ஸிஸ்டர் சுப்புலக்ஷ்மி என்று நாடு அவரை அறியும். ஒரு வீட்டில் கத்தி வேண்டாம் என்று எடுத்த முடிவால் எத்தனையோ வீடுகளில் விளக்கேறியது.

குடுமி போய் கிராப் வந்தது

ஆண்களுக்கும் மாற்றம் அதே காலத்தில்தான் வந்தது. கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னையில் கப்பல் ஏறுவதற்கு முன் குடுமியை எடுத்துவிட்டு கிராப் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. அன்று வெளிநாடு போனவர் ஒருவர். அதற்குப் பிறகு பட்டணத்து உத்தியோகத்துக்குப் போன பல்லாயிரம் பேர். மாதம் ஒருமுறை தலைக்கு, நாலைந்து நாளுக்கு ஒருமுறை முகத்துக்கு என்றிருந்த கணக்கு, தினமும் முகம் என்று மாறிற்று.

மகாத்மா காந்தி தம் சுயசரிதையில் ஒரு சம்பவம் சொல்கிறார். தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவில், ஒரு வெள்ளைக்கார நாவிதர் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். காந்திஜி ஒரு மெஷினை வாங்கி வந்து, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் கோணல்மாணலாகிவிட, கோர்ட்டில் நண்பர்கள் சிரித்தார்கள். அவர் அந்த நாவிதரைக் குறை சொல்லவில்லை. நம் ஊரில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு நம் நாவிதர்கள் முடிவெட்ட நாம் விடுகிறோமா, அதற்கான பலன்தான் இது என்கிறார். சுயக்ஷவரம் என்ற சின்ன விஷயத்துக்குள் எவ்வளவு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது பாருங்கள்.

ஜில்லட் செய்த காரியம்

சர்ச்சில் பெங்களூருக்கு வருவதற்கு முந்தைய வருஷம், 1895-ல், அமெரிக்காவில் கிங் காம்ப் ஜில்லட் என்ற விற்பனைப் பிரதிநிதிக்கு ஒரு யோசனை தோன்றியது. தீட்டித் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டிய கத்திக்குப் பதில், மெல்லிய எஃகுத் தகட்டில் இருபுறமும் கூர் வைத்து, மழுங்கியதும் தூக்கிப் போட்டால் என்ன? கைக்குக் காவலாகத் தடுப்பு வைத்த ரேசர் அதற்கு முன்பே உண்டு. 1880-லேயே காம்ப்ஃபே சகோதரர்கள் நியூயார்க்கில் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். ஆனால் அதிலும் பிளேடைத் தீட்டித்தான் ஆக வேண்டும். மெல்லிய தகட்டைக் கூராக்க முடியாது என்று நிபுணர்கள் கையை விரித்தார்கள். வில்லியம் நிக்கர்ஸன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1901-ல் கம்பெனி ஆரம்பமாயிற்று. 1903-ஆம் வருஷம் முழுவதும் விற்றது 51 ரேசர், 168 பிளேடு! அடுத்த வருஷமே 90,000 ரேசருக்கு மேல் விற்றது. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களுக்காக வாங்கியது 35 லட்சம் ரேசரும் 3 கோடிக்கு மேல் பிளேடும். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள்.

அந்த ஆரம்பகால ஜில்லட் ரேசர்களின் அடித்தட்டு சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டிருக்கும். நாலு நாள் தாடியையும் அடைத்துக்கொள்ளாமல் மழிக்கும். 1930-களின் பிற்பகுதியில் பல் இல்லாத நேர்த் தடுப்பு வைத்த 'டெக்' மாடல் வந்தது, இது சாதுவானது. 1958-ல் கைப்பிடிக் கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்டு, திருப்பினால் காரம் கூடவும் குறையவும் செய்யும் ரேசர் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் வில்கின்ஸன் ஸ்வோர்ட் கம்பெனி துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் பிளேடைக் கொண்டுவந்து ஜில்லட்டையே திணற வைத்தது. 1971-ல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்தது. பிறகு மூன்று, நாலு, ஐந்து என்று பிளேடும் விலையும் சேர்ந்தே ஏறின.

பெங்களூரும் நுரையும் ஷிப்டும்

1898-ல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. நெரிசலான பேட்டையை விட்டு மல்லேஸ்வரம், பஸவனகுடி போன்ற புதுப் பகுதிகளில் ஜனங்கள் குடியேறினார்கள். அங்கே நெல் அளந்து போடும் உறவு இல்லை. காசு கொடுத்தால் க்ஷவரம், அவ்வளவுதான். நாவிதர் வீடு தேடி வந்த காலம் போய் நாம் சலூன் தேடிப் போகும் காலம் வந்தது. பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று சலூனில் கேட்க முடியாது. ஒருவகையில் அதுவும் நல்லதாயிற்று.

நுரைக்கும் பெங்களூருக்கும் சம்பந்தம் உண்டு. முதல் யுத்தத்தால் மைசூர் சந்தனக்கட்டை ஏற்றுமதி நின்றபோது, சந்தன எண்ணெயை இங்கேயே எடுக்க 1916-ல் பெங்களூரில் ஆலை தொடங்கினார்கள். நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விச்வேச்வரய்யாவும் எஸ்.ஜி. சாஸ்திரி என்ற ரசாயன நிபுணரை சோப்புத் தொழில் கற்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து உருவாக்கியதுதான் 1918-ல் தொடங்கிய அரசு சோப்பு ஆலையும் மைசூர் சாண்டல் சோப்பும்.

சுதந்திரத்துக்குப் பிறகு பெங்களூர் தொழிற்சாலை நகரமாயிற்று. 1940-ல் தொடங்கிய விமானத் தொழிற்சாலையை அடுத்து ஐ.டி.ஐ. 1948-ல், ஹெச்.எம்.டி. 1953-ல், பி.இ.எல். 1954-ல் வந்தன. தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் நம்மவர்கள் ஏராளமாக வேலைக்கு வந்தார்கள். காலை ஷிப்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர் சலூன் திறக்கும்வரை காத்திருக்க முடியுமா? குளியலறை ஆணியில் ஒரு சின்னக் கண்ணாடி, அலுமினிய டம்ளரில் தண்ணீர், பிரஷ், மூன்று துண்டாகக் கழலும் ரேசர். ஸ்நானத்துக்கு முன்பே க்ஷவரம் முடிந்துவிடுவதால் ஆசாரத்துக்கும் குறைவில்லை. கொல்லைப்புறத்துச் சடங்கு இப்படித்தான் குளியலறைக்குள் வந்தது.

பிளேடுகளும் உள்நாட்டிலேயே தயாராயின. மல்ஹோத்ரா குடும்பத்தாரின் பனாமா, டோபாஸ், ஸூப்பர்மேக்ஸ் முதலியவை பல பத்தாண்டுகள் நம் அலமாரிகளை ஆண்டன. 1984-ல் பொத்தார் குழுமத்துடன் சேர்ந்து ஜில்லட் இந்தியாவில் கம்பெனி தொடங்கி, ராஜஸ்தானில் பிவாடியில் ஆலை வைத்தது.

அந்தக் கம்பெனிக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் பாடம் கற்றுக்கொடுத்தது. 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்காகச் செய்த ஒரு ரேசரை அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பரீக்ஷித்தார்கள். எல்லோருக்கும் பிடித்தது. இந்தியாவில் எடுபடவில்லை. காரணம், அந்த மாணவர்கள் குழாயைத் திறந்துவிட்டு அலம்பினார்கள். இங்கே பலரும் ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கி அலம்புகிறார்கள். பிளேடுகளுக்கு நடுவில் முடி அடைத்துக்கொள்கிறது. பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்த்து, 2010-ல் ஒற்றை பிளேடு 'கார்ட்' ரேசரை 15 ரூபாய்க்கும் அதன் பிளேடை 5 ரூபாய்க்கும் கொண்டுவந்தார்கள். அது நன்றாக ஓடியது. நம் தாத்தா டம்ளரில் செய்தது எதுவோ அதற்கே கம்பெனி திரும்பி வந்தது.

காரமான ரேசர் யாருக்கு?

ரேசர் ரசிகர்கள் 'அக்ரஸிவ்' என்பதை நாம் காரம் என்று வைத்துக்கொள்வோம். காரம் இரண்டு விஷயங்களில் இருக்கிறது. ஒன்று, பிளேடின் விளிம்புக்கும் தடுப்புக்கும் உள்ள இடைவெளி. மற்றொன்று, மூடிக்கும் தடுப்புக்கும் நடுவே பிளேடு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. இவை கூடினால் காரம் கூடும். சீப்புப் பல் இருந்தாலே காரம் என்று எண்ண வேண்டாம். பல் இருந்தும் சாதுவானவை உண்டு. ஜெர்மனியின் மியூலே ஆர்-41 காரத்துக்குப் பேர் போனது. இத்தாலியின் ஃபாடிப் அதைவிட விலை குறைந்த காரம். இந்தியாவிலேயே செய்யும் மூன்று துண்டு ரேசர்கள் இன்னும் மலிவு.

இது யாருக்கு வேண்டும்? கிழமை பார்க்கிறவர்களுக்கு முதலில் வேண்டும். செவ்வாய், வெள்ளி, சனி விட்டால் வியாழனுக்குப் பிறகு ஞாயிறுதான். ஞாயிறையும் விடும் குடும்பங்களில் திங்கள். தாடி நாளுக்கு 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வளரும். நாலு நாளில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அதைப் பல பிளேடு கார்ட்ரிட்ஜில் இழுத்தால் அடைத்துக்கொண்டு பிடுங்கும். வாய் அகன்ற ஒற்றை பிளேடு ஒரே இழுப்பில் எடுத்துவிடும். அடர்த்தியான, முரட்டுத் தாடிக்காரர்களுக்கும் இதுவே சரி. தினமும் மழிப்பவர்களுக்கு அவசியமில்லை. தோல் தளர்ந்த மூத்தவர்கள், சர்க்கரை வியாதி உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் காரத்தின் பக்கம் போகவே வேண்டாம். சாதுவான ரேசரே போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை. மூன்று துண்டாகக் கழலும் ரேசரே மேல். கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் என்றால் பேரனுக்கும் வரும். மலிவு ரேசர்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அதில் மரை சீக்கிரம் தேயும், முறுக்கி இறுக்கினால் ஒடியும். பிளேடைப் போட்டு வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல் என்றால் அது காரமல்ல, கோணல், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளேடு மூடியோடு வளைந்து ஒட்டியிருக்க வேண்டும். நுனி அதிர்ந்தால் கீறும். பிளேடின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான் என்பதால் இந்தப் பிடிமானம் மிக முக்கியம். பழைய சாமான் ரசிகர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் கூடும் சந்தையிலும் தேடலாம். பழைய ரேசரைக் கொதிநீரில் சுத்தம் செய்யாமல் முகத்தில் வைக்க வேண்டாம்.

பணக் கணக்கு எளிது. உயர்ந்த ரகக் கார்ட்ரிட்ஜ் ஒரு பொட்டலம் வாங்கும் காசில் இருபுறக் கூர் பிளேடு பல மாதங்களுக்கு வரும். முதலில் ஒரு ரேசர், இரண்டு மூன்று தினுசு பிளேடுகள் வாங்கிப் பாருங்கள். ஒருவருக்கு ஒத்துவரும் பிளேடு இன்னொருவருக்கு ஒத்துவராது.

உபயோகிக்கும்போது அழுத்தவே கூடாது. ரேசரின் எடையே போதும். தோலோடு சுமார் 30 டிகிரி சாய்வில், சிறு சிறு இழுப்பாக, முதல் தடவை முடி வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும். மறுபடி நுரை பூசி குறுக்கே ஒரு தடவை. எதிர்த் திசை என்பது கை பழகிய பிறகு. பெங்களூரில் போர்வெல் தண்ணீர் வரும் பகுதிகளில் நுரை சரியாக எழாது. கடின நீரின் குணம் அது. ஒரு டம்ளர் காவேரித் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுத்துக்கொண்டால் நுரை பொங்கும். முடிந்ததும் குளிர்ந்த நீர், மேலே படிகாரக் கட்டி. நாவிதர்கள் பரம்பரையாகச் செய்த வைத்தியம்தான் இது.

கைகளை மறக்க வேண்டாம்

கத்தி நம் கைக்கு வந்துவிட்டது, ஆனாலும் இன்னொருவர் கை இதில் இன்னும் இருக்கிறது. நாம் குப்பையில் போடும் பழைய பிளேடைத் தரம் பிரிக்கிறவர் ஒரு பௌரகார்மிகர். அமெரிக்காவில் அக்காலத்தில் குளியலறை அலமாரியில் ஒரு கீறல் வாய் வைத்து, பழைய பிளேடுகளைச் சுவருக்குள்ளேயே விழவிட்டார்கள். நம்மிடம் அது முடியாது. மூடியில் கீறல் போட்ட ஒரு டப்பாவில் வருஷக்கணக்கில் சேர்க்கலாம். நிறைந்ததும் நன்றாக ஒட்டி, காகிதத்தில் சுற்றி, சிவப்புப் பேனாவால் குறி போட்டு, தனியாகச் சொல்லிக் கொடுங்கள். யாருடைய விரலும் நம் சவரத்துக்காக ரத்தம் சிந்த வேண்டாம்.

சலூன்களும் மாறிவிட்டன. 1986-ல் டாக்டர் சுனீதி சாலமன் குழுவினர் சென்னையில் ஹெச்.ஐ.வி. இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, ஆளுக்கொரு புது பிளேடு என்ற வழக்கம் மெல்ல மெல்லப் பரவியது. கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை. தொழிலின் கௌரவமும் உயர்ந்திருக்கிறது. சிறுவயதில் தந்தையை இழந்து, அவர் விட்டுச்சென்ற சலூனோடு வளர்ந்த பெங்களூரின் ரமேஷ் பாபு, 2011-ல் ரோல்ஸ் ராய்ஸ் கார் வாங்கி வாடகைக்கு விடும் அளவுக்கு உயர்ந்தபின்னும் கத்திரியைக் கீழே வைக்கவில்லை. உலகப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின.

நம் தாத்தாக்கள் யாரைத் தொட்டால் குளித்தார்களோ அவர்கள் கையை நம்பித்தான் கழுத்தை நீட்டினார்கள். ரேசர் வந்த பிறகு அந்தக் கையின் தேவை நமக்குக் குறைந்தது. அதற்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. சர்ச்சிலின் 13 ரூபாயைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்துவிட்டார்கள். இது அப்படித் தள்ளுபடி செய்யக்கூடிய பாக்கி அல்ல. அங்கத்தினர்கள் அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் அக்காலத்து நாவிதர் பெயரையும் அவர் குடும்பத்தைப் பற்றியும் கேட்டு எழுதி வைத்தால், குடும்ப சரித்திரத்தில் விட்டுப்போன ஒரு பக்கம் நிரம்பும்.